256 பெரிதா, 98 பெரிதா?

பாரிஸ் சென் ஜெர்மன் கிளப்பின் ஆகச் சிறந்த தாக்குதல் வீரர் யார்? லாச்சப்பல் தமிழர்கள் இரண்டு தலைமுறையாக நடத்திவரும் வழக்கு

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் ஒரு வழக்கு முடியாமல் நடக்கிறது. வாதியும் பிரதிவாதியும் ஒரே வீட்டுக்காரர்கள். அப்பா ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம். பெரியப்பா வந்து உட்கார்ந்தால் மூன்றாவது பக்கம் ஒன்று முளைக்கும். ஃபோபூர் சென் தெனி வீதியில் மரக்கறிக் கடை வாசலிலும், காய் வீதியில் தேத்தண்ணிக் கடை மேசையிலும், முடிதிருத்தும் கடையின் கண்ணாடிக்கு முன்னாலும் சாட்சிகள் விசாரிக்கப்படுகிறார்கள். கேள்வி ஒன்றுதான்: பாரிஸ் சென் ஜெர்மன் அணிக்காகத் தாக்குதலில் ஆடியவர்களில் ஆகச் சிறந்தவர் யார்?

கேட்பவர்களுக்கு இது பொழுதுபோக்குப் பேச்சாகத் தோன்றலாம். பேசுபவர்களுக்கு அப்படி இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து இந்த நகரத்தில் வேரூன்றிய ஒரு சமூகம், இந்த நகரத்தின் நினைவுகளில் எவற்றைத் தன்னுடையவை என்று எடுத்துக்கொண்டது என்பது இந்தப் பேச்சில் தெரிகிறது. அப்பா வந்த ஆண்டில் யார் ஆடினார், மகன் பிறந்த ஆண்டில் யார் ஆடினார் என்று கேட்டாலே ஒரு குடும்பத்தின் புலம்பெயர் வரலாறு வெளியே வந்துவிடும்.

ஆகவே இந்த வழக்கை ஒரு முறை முழுதாகக் கேட்போம். கடைசியில் ஒரு தீர்ப்பும் சொல்வோம்.

சாதனை கைமாறிய கதை

முதலில் கிளப்பின் பிறப்பு. 1970 ஆகஸ்டில் ஸ்டாட் சென் ஜெர்மன் என்ற பழைய கிளப்பும், பாரிஸ் எஃப்.சி. என்ற புதிய கிளப்பும் இணைந்து பாரிஸ் சென் ஜெர்மன் (பி.எஸ்.ஜி.) உருவானது. ஆயிரக்கணக்கான பொதுமக்கள் சந்தா கட்டி அதற்கு உயிர் கொடுத்தார்கள். இரண்டே ஆண்டில், 1972இல், இணைந்தவை பிரிந்தன. பாரிஸ் எஃப்.சி. முதல் பிரிவில் இருந்துகொண்டது, பி.எஸ்.ஜி. மூன்றாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. அங்கிருந்து ஏறி 1974இல் மீண்டும் முதல் பிரிவுக்கு வந்தது. நகரின் தென்மேற்கு மூலையில், 16ஆம் வட்டாரத்தில் உள்ள பார்க் தே பிரின்ஸ் அரங்கு அந்த ஆண்டுதான் அதன் வீடானது. அன்றிலிருந்து அது ஒருமுறைகூடக் கீழிறங்கவில்லை.

கிளப்புக்காக அதிக கோல் போட்டவர் என்ற பட்டம் கைமாறி வந்த வரிசையைப் பாருங்கள். 1974 முதல் 1984 வரை ஆடிய அல்ஜீரியர் முஸ்தபா தாலெப் 310 ஆட்டங்களில் 98 கோல்கள். அவரைத் தாண்டி டொமினிக் ரொஷ்தோ சரியாக 100. போர்த்துக்கல்லின் பவுலேட்டா 2003க்கும் 2008க்கும் இடையில் 211 ஆட்டங்களில் 109. சுவீடன்காரர் ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச் நான்கே பருவங்களில், 180 ஆட்டங்களில் 156. உருகுவேயின் எடின்சன் கவானி 301 ஆட்டங்களில் 200. கடைசியாக கிலியன் எம்பாப்பே, 308 ஆட்டங்களில் 256.

ஏணிப்படிபோல் ஏறும் இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் நாற்பது ஆண்டுகளில் சாதனை 109 வரைதான் நகர்ந்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் 109 என்பது 256 ஆனது. நடுவில் நடந்தது 2011இல் கத்தாரின் முதலீட்டு நிறுவனம் கிளப்பை வாங்கியது. காலத்தையும் பணத்தையும் பக்கத்தில் வைக்காமல் இந்த எண்களை ஒப்பிடவே முடியாது. ஆனாலும் மகன்மார் கட்சி எண்களிலிருந்துதான் தொடங்குகிறது.

மகன்மார் கட்சி

"அப்பா, கதை வேண்டாம், கோலை எண்ணிப் பாருங்கோ." இந்தக் கட்சியின் வாதம் இந்த ஒரு வரியில் அடங்கும்.

அந்த வாதத்துக்கு வலு உண்டு. எம்பாப்பே 2018–19 முதல் 2023–24 வரை தொடர்ந்து ஆறு பருவங்களில் பிரெஞ்சு லீக்கின் அதிக கோல் போட்ட வீரர். அதே கிளப்பில் ஆறு லீக் பட்டங்கள். 2018இல், இருபது வயது நிறையுமுன் உலகக் கிண்ணம். 2022 இறுதி ஆட்டத்தில் மூன்று கோல்கள். பந்தோடு ஓடத் தொடங்கினால் எதிரணிக்காரர் திரும்புமுன் பெனால்டிப் பகுதிக்குள் இருப்பார்.

எண்ணுக்கு மேலாக இன்னொன்றும் இருக்கிறது. எம்பாப்பே வளர்ந்தது போண்டியில். லாச்சப்பலுக்குப் பக்கத்தில், கார் து நோர் நிலையத்தோடு ஒட்டிய மஜெந்தா நிலையத்திலிருந்து புறப்படும் ஆர்.இ.ஆர். ஈ ரயில் போண்டியில் நிற்கும். லாச்சப்பலில் கடை வைத்திருப்பவர்களும் சாமான் வாங்க வருபவர்களும் பெரும்பாலும் லாச்சப்பலில் குடியிருப்பதில்லை. லா கூர்நெவ், போபினி, திரான்சி, போண்டி என்று 93ஆம் மாவட்டத்தின் அடுக்குமாடிகளில்தான் அவர்களின் வீடு. கமரூனியத் தந்தைக்கும் அல்ஜீரிய வழிவந்த தாய்க்கும் பிறந்து அதே மாவட்டத்தின் உள்ளூர் கிளப்பில் பந்து பழகியவர் எம்பாப்பே. அதே பாடசாலைகள், அதே பேருந்துகள், அதே சிமெந்துத் தரைகள். தமிழ்ப் பிள்ளை ஒருவனுக்கு அவர் தூரத்து நட்சத்திரம் இல்லை. அடுத்த தெருவின் அண்ணா.

எதிர்க்கட்சியின் குறுக்கு விசாரணை இங்கே வருகிறது. ஏழு பருவங்கள் அவர் ஆடியும் ஐரோப்பிய சாம்பியன் கிண்ணம் வரவில்லை. 2024இல் ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். மறு ஆண்டே, 2025 மே 31 அன்று, மியூனிக்கில் இன்டர் மிலானை 5–0 என்று தோற்கடித்து பி.எஸ்.ஜி. அந்தக் கிண்ணத்தை முதன்முறையாக வென்றது. நெய்மாரை 22.2 கோடி யூரோ கொடுத்து வாங்கியும், மெஸ்ஸியைக் கொண்டுவந்தும் கிடைக்காதது, மூவரும் போனபின் கிடைத்தது.

இதை வைத்து எம்பாப்பேயைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை. பதினொரு பேர் ஆடும் ஆட்டத்தில் கிண்ணம் வராததற்கு ஒருவரைப் பொறுப்பாக்க முடியாது. ஆனால் அதே நியாயம் மறுபக்கமும் செல்லும்: கோல் வந்ததற்கும் ஒருவர் மட்டும் காரணமில்லை. எண் ஒரு சாட்சி. அதைக் கேட்க வேண்டும். தீர்ப்பை அதன் கையில் கொடுக்கக் கூடாது.

37ஆ, 38ஆ?

இதற்கு நல்ல உதாரணம் இரண்டு பருவங்களின் ஒப்பீடு. 1977–78இல் அர்ஜென்டினாவின் கார்லோஸ் பியாங்கி லீக்கில் மட்டும் 37 கோல்கள் போட்டார். அந்த அணி பட்டியலில் நடுவில்தான் நின்றது. அடுத்த பருவமும் அவரே 27 கோல்களோடு பிரான்சின் முதல் கோல்காரர்; அணி மறுபடியும் நடுவில். இரண்டு பருவங்களில் 80 ஆட்டங்கள், 71 கோல்கள். பின்னாலிருந்து நல்ல பந்து வருவதே அரிதான ஓர் அணியில் இப்படி ஒரு கணக்கு.

அவருடைய 37ஐ கிளப்பில் தாண்ட 38 ஆண்டுகள் பிடித்தன. 2015–16இல் இப்ராஹிமோவிச் லீக்கில் 38 கோல்கள் போட்டார். அந்த அணி 96 புள்ளிகள் எடுத்தது; இரண்டாம் இடத்திலிருந்த லியோனுக்கு 65. மார்ச் மாதமே, துருவா நகரில் 9–0 என்று வென்று பட்டத்தை உறுதி செய்தது. அதில் இப்ராஹிமோவிச்சுக்கு நான்கு கோல்கள்.

அவர் சாதனையைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. அவர் வந்தபின்தான் கிளப்பின் உடைமாற்றும் அறையில் தோல்வி என்பது பொறுக்க முடியாத விஷயமாக மாறியது. ஆனால் 38 பெரிது, 37 சிறிது என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்த ஒரு கோல் வித்தியாசத்துக்குள் இரண்டு வேறு உலகங்கள் இருக்கின்றன என்று பக்கத்தில் இருக்கும் பெரியவர் எடுத்துச் சொல்ல வேண்டும். லாச்சப்பலில் சொல்கிறார்கள். அதனால்தான் அங்கே நடக்கும் விவாதம் தொலைக்காட்சி அரங்குகளில் நடப்பதைவிட உயர்ந்தது.

கவானியின் கட்சியையும் இங்கேயே கேட்டுவிடலாம். 2018 ஜனவரியில் இப்ராஹிமோவிச்சின் 156ஐத் தாண்டியவர். 2020 பெப்ரவரியில் 200ஐத் தொட்டவர். எளிதான வாய்ப்புகளைத் தவறவிட்டார் என்று அவர் மீது குற்றச்சாட்டு உண்டு. ஆனால் பந்தை இழந்த நொடியில் தன் பெனால்டிப் பகுதிவரை திரும்பி ஓடும் முன்வரிசை வீரர் எத்தனை பேர்? பன்னிரண்டு மணிநேரம் உணவக அடுக்களையில் நின்றுவிட்டு வரும் ஒருவருக்கு அந்த ஓட்டத்தின் மதிப்பு நன்றாகத் தெரியும். லாச்சப்பலில் கவானிக்கு உள்ள மரியாதை அங்கிருந்து வருகிறது.

தந்தைமார் கட்சி

1983 ஜூன் 11 அன்று பி.எஸ்.ஜி. நாந்த் அணியை 3–2 என்று வென்று தொடர்ந்து இரண்டாம் முறையாக பிரெஞ்சுக் கிண்ணத்தைத் தூக்கியது. ஆறு வாரங்களில் கொழும்பில் கறுப்பு ஜூலை. அதன்பின் வந்த ஆண்டுகளில்தான் தமிழ் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகப் பாரிஸ் வந்து சேர்ந்தார்கள். மொழி தெரியாது, விசா இல்லை, படுக்க இடம் இல்லை. பத்துப் பேர் பகிர்ந்துகொண்ட அறையின் சிறு தொலைக்காட்சியில், மொழி தெரியாமலே புரிந்துகொள்ள முடிந்த நிகழ்ச்சி உதைபந்தாட்டம் ஒன்றுதான்.

அந்த ஆண்டுகளின் பி.எஸ்.ஜி.க்கு இரண்டு முகங்கள். ஒருவர் ரொஷ்தோ. 1982 கிண்ண இறுதியில், பிளாட்டினியின் சென் எத்தியென் அணி 2–1 என்று முன்னிலையில் இருக்க, கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் சமன் செய்தார். பெனால்டி உதைகளில் கிளப் தன் முதல் பெரிய கிண்ணத்தை வென்றது. தலைவர் பிரான்சிஸ் பொரெல்லி மைதானத்தில் மண்டியிட்டுப் புல்லை முத்தமிட்ட காட்சி பிரான்ஸ் முழுதும் பேசப்பட்டது.

மற்றவர் சஃபெத் சூஷிச். சரயேவோ கிளப்பிலிருந்து வந்து 1991 வரை ஆடிய பொஸ்னியர். 344 ஆட்டங்களில் 85 கோல்கள்தான். ஆனால் எதிரணி எதிர்பார்க்காத இடத்துக்குப் பந்தை அனுப்புவதில் அவருக்கு இணை அப்போது பிரான்சில் குறைவு. 1985–86இல், ஜெரார் ஊலியே பயிற்சியாளராக இருந்தபோது, பருவத்தின் முதல் 26 ஆட்டங்களில் தோல்வியே இல்லாமல் சென்று கிளப் தன் முதல் லீக் பட்டத்தை வென்றது. அந்த அணியின் மூளை சூஷிச். 'பிரான்ஸ் ஃபுட்பால்' இதழ் 2010இல் கிளப்பின் எல்லாக் காலத்துக்கும் சிறந்த வீரராக அவரைத்தான் தேர்ந்தெடுத்தது.

அவரைத் தமிழர்கள் நெருக்கமாக உணர இன்னொரு காரணம் பின்னால் வந்தது. அவர் பி.எஸ்.ஜி.யை விட்டுப்போன மறு ஆண்டு சரயேவோ முற்றுகைக்குள் விழுந்தது. ஊர் எரிவதை வெளிநாட்டிலிருந்து பார்ப்பது என்னவென்று லாச்சப்பலில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2014இல் பொஸ்னியா முதன்முறையாக உலகக் கிண்ணத்துக்குப் போனபோது அதன் பயிற்சியாளர் சூஷிச்.

தொண்ணூறுகளில் வந்தவர்களைக் கேட்டால் வேறு பெயர்: ஜார்ஜ் வியா. உள்நாட்டுப் போரில் சிதைந்துகொண்டிருந்த லைபீரியாவின் மகன். 1992 முதல் 1995 வரை 137 ஆட்டங்கள், 55 கோல்கள், 1994 லீக் பட்டம். 1994 நவம்பரில் மியூனிக்கில் பயர்ன் அணிக்கு எதிராக, ஒருவர் பின் ஒருவராகக் கடந்துபோய் அவர் அடித்த கோலைப் பற்றிப் பேசும்போது இன்றும் குரல்கள் உயரும். 1995இல் மிலானுக்குப் போனார். அந்த ஆண்டின் சிறந்த வீரருக்கான பலோன் தோர் விருதும் அவருக்கே. பின்னாளில் தன் நாட்டின் ஜனாதிபதியானார்.

அல்ஜீரியர், பொஸ்னியர், லைபீரியர், போண்டிப் பிள்ளை. இந்தக் கிளப்பின் கோல் வரலாற்றைப் பெருமளவு எழுதியவர்கள் வேறு மண்ணிலிருந்து வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும்தான். லாச்சப்பல் தமிழர் இந்த அணியைத் தங்களுடையது என்று சொல்வதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

அரங்குக்கு வெளியே நின்ற ரசிகர்கள்

ஆனால் அந்த முதல் தலைமுறையில் பலர் பார்க் தே பிரின்ஸ் அரங்குக்குள் போகவில்லை. நுழைவுச்சீட்டு விலை மட்டும் காரணமில்லை. எண்பதுகளில் அரங்கின் பூலோன் பக்கத்தில் தீவிர வலதுசாரிக் குழுக்கள் காலூன்றியிருந்தன. தோல் நிறம் கறுத்த ஒருவர் அந்தப் பக்கத்தை அணுகுவதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டியிருந்தது. 1991இல் கனால் பிளஸ் தொலைக்காட்சி கிளப்பின் பொறுப்பை ஏற்றபின் எதிர்ப்புறத்து ஓத்தேய் பக்கத்தில் வேறு ரசிகர் குழுக்கள் வளர்ந்தன. எல்லா நிறத்தவரும் அங்கே நின்றார்கள். பின்னர் இரு பக்கமும் மோதிக்கொண்டன. 2010இல் அந்த மோதல் ஓர் உயிரைப் பறித்தபின், தலைவர் ரோபன் லெப்ரு கொண்டுவந்த திட்டம் குழுக்களை உடைத்து இருக்கைகளை மாற்றியமைத்தது. 2016இல்தான் ஒழுங்கமைந்த ரசிகர் குழு மீண்டும் ஓத்தேய் பக்கம் திரும்பியது.

இதனால் லாச்சப்பலின் விவாதத்துக்கு ஒரு தனிக் குணம் வந்தது. அரங்கில் உட்கார்ந்து பார்த்தவர்களின் விவாதமாக அது தொடங்கவில்லை. தொலைக்காட்சியில் பார்த்தவர்கள், வேலையிடத்து வானொலியில் கேட்டவர்கள், மறுநாள் பத்திரிகையைச் சொல் சொல்லாக எழுத்துக்கூட்டிப் படித்தவர்கள் நடத்திய விவாதம் அது. இன்று அவர்களின் பிள்ளைகள் அந்த அரங்குக்குள் தங்கள் சட்டையோடு உரிமையாகப் போய் உட்காருகிறார்கள். அந்த ஒரு மாற்றத்துக்கு முப்பது ஆண்டுகள் ஆனது.

விடுபட்ட இரண்டு பெயர்கள்

சாட்சிப் பட்டியலில் இரண்டு பெயர்களைச் சேர்க்காவிட்டால் விசாரணை முழுமையாகாது.

முதலாவது விகாஷ் தோராசூ. மொரிசியஸ் வழிவந்த இந்திய வம்சாவளிக் குடும்பத்தின் பிள்ளை. பிரான்சின் வடக்குக் கரையில் பிறந்தவர். 2006 பிரெஞ்சுக் கிண்ண இறுதியில் பரம எதிரி மார்சேய்க்கு எதிராக, தூரத்திலிருந்து அவர் அடித்த பந்துதான் 2–1 என்ற வெற்றியைத் தந்தது. ஒரு பருவமும் கொஞ்சமும்தான் அவர் அங்கே இருந்தார். ஆகச் சிறந்தவர் பட்டியலில் அவருக்கு இடம் கிடைக்காது. ஆனால் நம் முகச்சாயல் உள்ள ஒருவர் அந்தச் சட்டையில், அந்த ஆட்டத்தில், அந்தக் கோலை அடித்தார் என்பது லாச்சப்பலில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் முதுகை நிமிர்த்தியது. அதே 2006இல் அவர் பிரான்ஸ் உலகக் கிண்ண அணியிலும் இருந்தார்.

இரண்டாவது மரி ஆந்துவானெத் கதோதோ. பெண்கள் அணிக்காக 150க்கு மேற்பட்ட கோல்கள். அந்த அணியின் வரலாற்றில் அதிக கோல் போட்டவர் அவர்தான். 2021இல் பி.எஸ்.ஜி. பெண்கள் லியோனின் பதினான்கு ஆண்டு ஆதிக்கத்தை முறித்து முதல் லீக் பட்டம் வென்ற அணியில் அவர் இருந்தார். கடை வாசல் விவாதத்தில் இந்தப் பெயர் இன்னும் போதுமான அளவு ஒலிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் புறநகர் மைதானங்களில் பந்து உதைக்கும் தமிழ்ப் பெண்பிள்ளைகள் வளர்ந்துவருகிறார்கள். அவர்கள் இந்த வழக்கில் தங்கள் சாட்சியைச் சொல்லத் தொடங்கும்போது கேள்வியே மாறும். மாற வேண்டும்.

படம் இல்லாத கோல்கள்

இப்போது வழக்கின் மையத்துக்கு வருகிறேன். மகன்மார் கட்சியின் பலம் எண்களில் மட்டும் இல்லை, படங்களிலும் இருக்கிறது. எம்பாப்பேயின் 256 கோல்களையும் கைபேசியில் எடுத்துக் காட்டலாம். எந்தக் கோணத்திலிருந்து வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும். "தாலெப் எப்படி ஆடினார் என்று காட்டுங்கோ" என்று மகன் கேட்டால் அப்பாவின் கையில் ஒன்றும் இல்லை.

காரணம் எளிது. கனால் பிளஸ் தொடங்கியது 1984 நவம்பரில். பிரெஞ்சு லீக் ஆட்டங்களை முழுதாக, நேரடியாக ஒளிபரப்பும் வழக்கம் அதிலிருந்துதான் பிறந்தது. தாலெப் கிளப்பை விட்டுப்போனதும் அதே 1984இல். அவருடைய 98 கோல்களில் பல, அன்று அரங்கில் இருந்தவர்களின் கண்களில் மட்டும் பதிந்தன. பியாங்கியின் 37இல் பலவும் அப்படித்தான். இந்த வகை விவாதங்கள் எங்கே நடந்தாலும் முதலில் தோற்பவர்கள் கமராவுக்கு முன் பிறந்தவர்கள். அவர்கள் மோசமாக ஆடியதால் தோற்பதில்லை. காட்ட எதுவும் இல்லாததால் தோற்கிறார்கள்.

இதை ஏற்றுக்கொள்ளக் கூடாத சமூகம் ஒன்று இருக்கிறதென்றால் அது நாம்தான். யாழ்ப்பாணத்தில் குருநகர், பாசையூர், நாவாந்துறை, இளவாலை ஆகிய ஊர்களில் மாலை நேரத்து உதைபந்தாட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் லாச்சப்பலில் எத்தனையோ பேர். துரையப்பா அரங்கில் ஊரே திரண்டு நின்ற ஆட்டங்கள் உண்டு. 1904 முதல் நடந்துவரும் மத்திய கல்லூரி, பரியோவான் கல்லூரி துடுப்பாட்டப் போரில் யாருடைய ஆட்டம் பெரிது என்று பழைய மாணவர் சங்கக் கூட்டங்களில் இன்றும் வாதாடுகிறார்கள். பத்திரிசியார் கல்லூரிக்கும் ஹாட்லிக் கல்லூரிக்கும் முன்வரிசையில் ஆடியவர்களைப் பற்றி, அவர்களோடு படித்தவர்கள் சொல்லும்போது கண்ணில் ஒளி வரும். படம் எங்கே? 1981இல் யாழ். பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது அல்பங்களும் கிண்ணங்களும் பத்திரிகைத் துணுக்குகளும் வீடுகளிலேயே கிடந்தன. மிஞ்சியது வாயால் சொல்லும் சாட்சி மட்டும்.

பதிவு இல்லை என்பதற்காக அந்த ஆட்டங்கள் நடக்காதவை ஆகிவிடுமா? அந்த வீரர்கள் சிறியவர்கள் ஆகிவிடுவார்களா? நம் ஊர் வீரர்களுக்கு ஆகாது என்று நாம் சொல்வோமானால், தாலெப்புக்கும் ஆகாது என்றே சொல்ல வேண்டும்.

தீர்ப்பு

ஒரு வீரரை அளக்க நான் வைக்கும் அளவுகோல் இது: அவர் வந்தபோது கிளப் எங்கே நின்றது? போனபோது எங்கே நின்றது? அந்தத் தூரத்தில் அவர் சுமந்தது எவ்வளவு?

இந்த அளவில் எம்பாப்பே வந்தது, உலகின் பணக்காரக் கிளப்புகளில் ஒன்றுக்கு. அவர் அதைச் சாதனைகளால் நிரப்பினார். அது நின்ற இடம் பெரிதாக மாறவில்லை. கவானியும் இப்ராஹிமோவிச்சும் மாற்றத்தின் முதல் அலையில் வந்து தரத்தை உயர்த்தினார்கள். பவுலேட்டா, கிளப் தடுமாறிய ஆண்டுகளில் ஏறக்குறையத் தனி ஆளாக அதைத் தாங்கினார். அந்த விசுவாசத்துக்கு எப்போதும் மரியாதை உண்டு. சூஷிச், கிண்ணம் வென்ற அணிக்கு வந்து அதை நாட்டின் சாம்பியன் ஆக்கினார். அவருக்கு இரண்டாம் இடம், சிறிய இடைவெளியில்.

முதல் இடம் முஸ்தபா தாலெப்புக்கு. பெஜாயாவில் பிறந்து, சிறுவனாக பிரான்சுக்கு வந்து, செடான் கிளப்பில் வளர்ந்தவர். 1974இல் அவர் சேர்ந்தபோது பி.எஸ்.ஜி.க்கு வயது நான்கு. இரண்டு ஆண்டுக்கு முன் உடைந்து மூன்றாம் பிரிவில் விழுந்து எழுந்த கிளப். கிண்ணம் இல்லை, மரபு இல்லை, சொல்லிக்கொள்ள ஒரு ஹீரோ இல்லை. தலைவர் தானியேல் எஷ்தேரும் பயிற்சியாளர் ஜுஸ்ட் ஃபொந்தேனும் கனவு காட்டினார்கள்; வார இறுதிகளில் அந்தக் கனவைப் புல்லில் ஆடிக் காட்டியவர் அவர். நடுக்கள வீரராகவே பெரும்பாலும் ஆடி, பத்துப் பருவங்களில் 98 கோல்கள். 1982, 1983 என்று இரண்டு பிரெஞ்சுக் கிண்ணங்கள். அதே 1982 உலகக் கிண்ணத்தில் மேற்கு ஜெர்மனியைத் தோற்கடித்த அல்ஜீரிய அணியிலும் அவர் இருந்தார். அவர் போகும்போது பாரிஸுக்கு ஒரு கிளப் இருந்தது, அதற்கு ஒரு வரலாறு இருந்தது, பின்னால் வந்த ஒவ்வொருவரும் தாண்ட வேண்டிய ஓர் எண் இருந்தது.

இந்தத் தீர்ப்பை மேல்முறையீட்டில் மாற்றக்கூடியவர் ஒருவர் இருக்கிறார்: உஸ்மான் டெம்பெலே. 2024–25இல் 35 கோல்கள். ஐரோப்பிய சாம்பியன் கிண்ண அரையிறுதியில் லண்டனில் ஆர்சனலுக்கு எதிராக நான்காவது நிமிடத்தில் வெற்றிக் கோல். எதிரணிக் கோல்காப்பாளர் மீது முதல் ஆளாகப் பாயும் உழைப்பு. 2025 செப்டம்பரில் பலோன் தோர். கிளப் ஐம்பத்தைந்து ஆண்டு ஏங்கிய இடத்துக்கு அதைக் கொண்டுபோன அணியின் முனை அவர்தான். தூரத்தை வைத்து அளந்தால் அவர் கடந்தது சிறிய தூரமில்லை. இன்னும் சில பருவங்கள் அவர் இப்படி ஆடினால் வழக்கை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை எம்பாப்பேயின் எண்ணைச் சொல்லும்போது தோற்றவர்போலச் சிரித்துவிட்டு எழுந்து போகாதீர்கள். நீங்கள் பார்த்த சூஷிச்சைச் சொல்லுங்கள், வியாவைச் சொல்லுங்கள். உங்களுக்கு முன் வந்தவர்களிடம் தாலெப்பைக் கேட்டுச் சொல்லுங்கள். பாசையூர் மைதானத்திலோ பாடசாலைத் திடலிலோ நீங்கள் பார்த்த ஒரு முன்வரிசை வீரரைப் பெயரோடு, அவர் பந்தை எந்தக் காலால் எடுத்தார் என்பதோடு சொல்லுங்கள். பிள்ளைகள் அதைத் தங்கள் கைபேசியில் பதிவு செய்யட்டும். அவர்கள் மறுத்துப் பேசுவார்கள், பேசட்டும். மறுப்பதற்காவது அந்தப் பெயரை அவர்கள் உச்சரிக்க வேண்டும்.